சிறுவர் அறிவியல் புனைவு இயங்குபடத் தொடர்: ஒரு பருவம் உருவாகும் முறையும் தமிழ்ச் சூழலும்

சிறுவர் அறிவியல் புனைவு இயங்குபடத் தொடர் என்பது, அறிவியல் கற்பனை ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, வரைபடங்களாலோ கணினி உருவங்களாலோ குழந்தைகளுக்காக உருவாக்கப்படும் தொலைக்காட்சித் தொடர் ஆகும். இத்தகைய தொடர்கள் பருவம் பருவமாகத் திட்டமிடப்படுகின்றன. இயந்திர மனிதன், காலப்பயணம், விண்வெளி, விசித்திரக் கண்டுபிடிப்புகள் ஆகியவை இவற்றின் வழக்கமான பொருள்கள்.

தமிழ்க் குழந்தைகள் பல ஆண்டுகளாக இத்தொடர்களைத் தமிழ்க் குரலில் பார்த்து வருகின்றனர். ஆனால் அவர்கள் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை ஜப்பானிலோ அமெரிக்காவிலோ மும்பையிலோ திட்டமிடப்பட்டவை. இந்தியாவில் உருவானவற்றில் பலவற்றில் அறிவியல் என்பது மந்திரத்துக்கு இட்ட புதுப்பெயராகவே நின்றுவிடுகிறது. இக்குறைக்குப் பணப் பற்றாக்குறையே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒரு பருவம் எவ்வாறு தயாராகிறது என்று பார்த்தால், குறை பணத்தில் மட்டும் இல்லை, கதையின் விதிகளை வகுக்கும் தொடக்க நிலையில்தான் பெரிதும் உள்ளது என்பது புலப்படும். இக்கட்டுரை அம்முறையை விளக்கி, சில தொடர்களை மதிப்பிட்டு, இறுதியில் செஞ்சிக் கோட்டையை ஒரு கதைக்களமாக எடுத்துக்கொண்டு மாற்று வழியை ஆராய்கிறது.

பருவம் என்னும் அளவு

இந்தியத் தொலைக்காட்சியில் சிறுவர் இயங்குபடத்தின் வழக்கமான அளவு 11 நிமிடம் கொண்ட ஓர் அத்தியாயம். விளம்பரங்களுடன் இரண்டு அத்தியாயங்களைச் சேர்த்தால் அரைமணி நேரம் நிரம்பும். ஒரு பருவத்துக்கு 26 அத்தியாயங்கள் என்பதும் பரவலான கணக்கு.

26 அத்தியாயங்களை 11 நிமிடத்தால் பெருக்கினால் 286 நிமிடம், அதாவது 17,160 வினாடி வரும். வினாடிக்கு 24 சட்டங்கள் என்று கொண்டால் ஒரு பருவத்துக்கு 4,11,840 சட்டங்கள் தேவை. ஒரு முழுநீளத் திரைப்படம் ஏறத்தாழ 90 நிமிடம் ஓடும். அதைப் போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட நீளத்தை, திரைப்படத்துக்குக் கிடைக்கும் காலத்திலும் பணத்திலும் ஒரு சிறு பங்கைக் கொண்டு முடிக்க வேண்டும். தொடர் தயாரிப்பில் எடுக்கப்படும் எல்லா முடிவுகளும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

உருவாக்கத்தின் படிகள்

முதலில் தொடரின் அடிப்படை ஆவணம் எழுதப்படும். பாத்திரங்கள் யார், எங்கு வாழ்கின்றனர், அவர்களால் எது முடியும், எது முடியாது என்பவை அதில் வகுக்கப்படும். அடுத்து ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் கதைச்சுருக்கமும் உரையாடலும் எழுதப்படும். உரையாடலுக்கு ஏற்பக் காட்சிகளைச் சிறு படங்களாக வரைவது ஸ்டோரிபோர்டு. அப்படங்களைக் குரலுடன் கோத்து நேர அளவு பார்ப்பது அனிமேட்டிக்.

இதே காலத்தில் பாத்திரங்களும் இடங்களும் பொருள்களும் வடிவமைக்கப்படும். முப்பரிமாணத் தொடராயின் அவை கணினியில் மாடல்களாக உருவாக்கப்பட்டு, அசைப்பதற்கு உரிய எலும்புக்கூடு போன்ற அமைப்பு பொருத்தப்படும். இதற்கு ரிக்கிங் என்று பெயர். அதன் பிறகே அசைவூட்டம், ஒளியமைப்பு, ரெண்டரிங், காட்சிகளை ஒன்றிணைத்தல், இசை, ஒலி ஆகியவை நடைபெறும்.

ஒருமுறை செய்த மாடலையும் இடத்தையும் பல அத்தியாயங்களில் மீண்டும் பயன்படுத்தினால்தான் பருவம் கட்டுபடியாகும். ஒரு புதிய ஊரைக் காட்டுவது பெரும் செலவு. பழைய ஊரில் ஒரு புதிய சிக்கலைக் காட்டுவது சிறு செலவு. ஆகவே தொடர்கள் பெரும்பாலும் ஒரே ஊரில், நான்கைந்து இடங்களில், ஏழெட்டுப் பாத்திரங்களைக் கொண்டு நடக்கின்றன. இந்தக் கட்டுப்பாடு எல்லா நாடுகளுக்கும் பொதுவானது. அதை எவ்வாறு கையாண்டார்கள் என்பதில்தான் நல்ல தொடருக்கும் மற்றவற்றுக்கும் வேறுபாடு தெரிகிறது.

முன்னோடி: அஸ்ட்ரோ பாய்

ஒசாமு தெசூகா 1952ஆம் ஆண்டு முதல் சித்திரக்கதையாக வரைந்து வந்த இயந்திரச் சிறுவன் கதை, 1963 ஜனவரி 1 முதல் ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சியில் தொடராக வந்தது. 1966 இறுதி வரை 193 அத்தியாயங்கள் ஒளிபரப்பாயின. வாரம் ஓர் அத்தியாயம் என்பது அக்காலத்தில் இயலாத வேலையாகக் கருதப்பட்டது.

தெசூகாவின் முஷி நிறுவனம் பல சிக்கன முறைகளைக் கையாண்டது. வினாடிக்கு 12 படங்களுக்குப் பதிலாக 8 படங்கள் வரையப்பட்டன. உடல் அசையாமல் வாய் மட்டும் அசைந்தது. பறத்தல், ஓடுதல் போன்ற காட்சிகள் சேமித்து வைக்கப்பட்டு மீண்டும் மீண்டும் பயன்பட்டன. மேலே கண்ட 286 நிமிடக் கணக்கில் 8 படங்கள் என்று வைத்தால் 1,37,280 படங்கள் போதும். வினாடிக்கு 12 என்றால் 2,05,920 படங்கள் வேண்டும். தெசூகா தொடரை மிகக் குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டது ஜப்பானிய இயங்குபடக் கலைஞர்களின் ஊதியத்தை நெடுங்காலம் பாதித்தது என்ற விமர்சனமும் உண்டு. முஷி நிறுவனம் 1973இல் நொடித்துப் போனது.

ஆனால் சிக்கனம் கதையைத் தொடவில்லை. விபத்தில் மகனை இழந்த விஞ்ஞானி ஒருவர் அவனைப் போலவே இயந்திரச் சிறுவனைச் செய்கிறார். அவன் வளரவில்லை என்று கண்டதும் கைவிடுகிறார். இயந்திரத்துக்கு உரிமை உண்டா, அது துன்பப்படுமா, மனிதர் அதனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்னும் கேள்விகள் அங்கிருந்து எழுகின்றன. அவனுக்கு ஒரு லட்சம் குதிரைத்திறன் உண்டு. ஆற்றல் தீர்ந்தால் விழுந்துவிடுவான். எல்லை வகுக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு சண்டையிலும் குழந்தைக்கு உண்மையான கவலை பிறக்கிறது.

இந்தியத் தொடர்கள்

இந்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனில் 1956இல் கார்ட்டூன் பிரிவு தொடங்கிய காலத்தில், டிஸ்னி நிறுவனக் கலைஞர் கிளேர் வீக்ஸ் அங்குப் பயிற்சி அளித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ராம் மோகன் அங்குப் பணியில் சேர்ந்து, பின்னாளில் இந்திய இயங்குபடத்தின் தந்தை எனப் போற்றப்பட்டார். அவர் பங்காற்றிய ‘மீனா’ தொடர், தெற்காசியச் சிறுமியரின் கல்வியையும் உடல்நலத்தையும் பேசியது. குழந்தைகளுக்கான தொடர் கருத்தும் கதையும் சேர்ந்ததாக அமையலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

2000க்குப் பிறகு தனியார் சிறுவர் அலைவரிசைகள் இந்தியத் தயாரிப்புகளை நாடின. திருவனந்தபுரத்தின் டூன்ஸ் நிறுவனம் தெனாலிராமன் கதைகளைத் தொடராக்கியது. ஐதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் 2008இல் ‘சோட்டா பீம்’ தொடரைத் தந்தது. மும்பையின் காஸ்மோஸ்-மாயா 2012இல் ‘மோட்டு பட்லு’, 2015இல் ‘சிவா’ ஆகியவற்றை உருவாக்கியது. இவற்றில் சில தமிழிலும் ஒலித்து, தமிழ்நாட்டுச் சிற்றூர்க் குழந்தைகள் வரை சென்று சேர்ந்தன.

இவற்றுள் அறிவியல் புனைவுக்கு நேரடியாக உரியது ‘வீர்: தி ரோபோட் பாய்’. 2010களின் முற்பகுதியில் ஹங்காமா அலைவரிசையில் வந்த இதைத் தயாரித்தது, இயக்குநர் கேதன் மேத்தாவும் தீபா சாஹியும் தொடங்கிய மாயா நிறுவனம். கேதன் மேத்தா 1998இல் தூர்தர்ஷனுக்காக ‘கேப்டன் வியோம்’ என்னும் விண்வெளித் தொடரை நடிகர்களைக் கொண்டு எடுத்தவர். அறிவியல் புனைவு அவருக்குப் புதிய துறையன்று.

‘வீர்’ தொடரில் டாக்டர் சஹாய் என்னும் விஞ்ஞானி மனித உணர்வுகள் கொண்ட இயந்திரச் சிறுவனை உருவாக்குகிறார். அவன் ஃபுர்சத்கஞ்ச் என்னும் சிற்றூரில் இம்லி முதலிய நண்பர்களுடன் வாழ்கிறான். திம்பக்டு என்னும் வில்லன் தொல்லை தருகிறான். இந்தியச் சிற்றூரில் ஓர் இயந்திரச் சிறுவன் என்ற எண்ணம் வளமானது. பெருநகரமும் வானுயர்ந்த கட்டடங்களும் இல்லாத இடத்திலும் எதிர்காலத்தைக் கற்பனை செய்யலாம் என்று அது காட்டுகிறது. இது இத்தொடரின் சிறப்பு.

தொடரின் குறை விதிகளில் உள்ளது. வீரின் ஆற்றலுக்கு எல்லை எங்கே என்பது கதையின் மையத்துக்கு வருவது அரிது. வில்லன் வருகிறான், ஊர் அஞ்சுகிறது, வீர் தன் வலிமையால் மீட்கிறான் என்னும் வரிசை மேலோங்குகிறது. இயந்திரச் சிறுவனை எடுத்துவிட்டு அங்கே வரம் பெற்ற ஓர் இளவரசனை வைத்தாலும் பல அத்தியாயங்களில் கதை மாறாது. அறிவியல் புனைவு என்று பெயர் பெற்ற படைப்புக்கு இது கடுமையான சோதனை. ‘மோட்டு பட்லு’வில் வரும் டாக்டர் ஜட்காவின் கண்டுபிடிப்புகளும் பெரும்பாலும் நகைச்சுவைத் துரத்தலைத் தொடங்கி வைக்கவே பயன்படுகின்றன. அது நகைச்சுவைத் தொடர் என்பதால் அங்கே அதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை.

டோரேமான்: ஓர் ஒப்பீடு

பணம் குறைவு, நேரம் குறைவு, ஆகவே அறிவியலுக்கு இடமில்லை என்ற வாதத்தை ‘டோரேமான்’ மறுக்கிறது. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோவின் சித்திரக்கதையிலிருந்து 1979 முதல் நிலையான தொலைக்காட்சித் தொடராகிய இது, 22ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த இயந்திரப் பூனையின் கதை. தமிழ்க் குழந்தைகளும் இதைத் தமிழில் நன்கு அறிவர்.

இதன் களம் மிகச் சிறியது. நோபிதாவின் அறை, பள்ளி, தெரு, மூன்று சிமெண்டுக் குழாய்கள் அடுக்கிய வெற்று மைதானம். பாத்திரங்களும் சிலரே. ஆயினும் ஒவ்வொரு கதையிலும் ஒரு புதிய கருவி, அக்கருவிக்கு ஒரு விதி, அவ்விதியிலிருந்து பிறக்கும் விளைவு என்னும் அமைப்பு உள்ளது. பாடத்தை ரொட்டியில் அச்சிட்டுத் தின்றால் மனத்தில் பதிந்துவிடும் என்பது ஒரு கருவி. நோபிதா அளவுக்கு மீறித் தின்கிறான், வயிறு கெடுகிறது, தின்ற பாடமும் போய்விடுகிறது. உடலுக்குள் போனது வெளியேறும் என்ற எளிய உண்மையை அக்கருவியின் விதியோடு முடிச்சுப்போட்டதில்தான் சிரிப்பு பிறக்கிறது. எவரும் பாடம் நடத்தவில்லை. ஆனால் பார்க்கும் குழந்தை ‘அப்படியானால் இப்படி ஆகுமா?’ என்று யோசிக்கப் பழகுகிறது.

இந்த விதியை எழுதுவதற்குப் புதிய மாடல் வேண்டாம், ரெண்டரிங் வேண்டாம். அது அடிப்படை ஆவணத்தில், எழுத்தாளரின் மேசையில் நடக்கும் வேலை. ஒரு பருவத்தில் மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடியதும் மிகுந்த பயன் தருவதும் அதுவே.

தமிழ்க் குரல்

2007இல் தொடங்கிய சுட்டி டிவி, மொழிமாற்றுத் தொடர்களைத் தமிழ்க் குழந்தைகளின் அன்றாடமாக்கியது. ‘ஜாக்கி சான்’ தொடரின் தமிழ் உரையாடல் பேச்சுத்தமிழின் நகைச்சுவையைத் துணிந்து கையாண்டதால், அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். நல்ல டப்பிங் என்பது மொழிபெயர்ப்பைவிடப் பெரிய வேலை. வாயசைவின் நீளத்துக்குள் சொல் அடங்க வேண்டும், பாத்திரத்தின் வயதும் குணமும் குரலில் தெரிய வேண்டும், வேற்று ஊர் நகைச்சுவைக்கு ஈடான உள்ளூர் நகைச்சுவை கிடைக்க வேண்டும். இதைச் செய்யும் எழுத்தாளர்களும் குரல் கலைஞர்களும் தமிழில் உள்ளனர்.

ஆனால் டப்பிங் கடைசிப் படியில் வருவது. கதை, விதி, இடம் ஆகிய மூன்றும் அதற்குள் முடிவாகியிருக்கும். கடைப்பலகையில் இந்தி எழுத்து அப்படியே நிற்கும். திருவிழாவும் உணவும் உடையும் வேறு நிலத்துக்கு உரியவையாக இருக்கும். இதனால் தமிழ்க் குழந்தைக்கு உடனடித் தீங்கு ஒன்றும் இல்லை. வேறு ஊர்களைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் விஞ்ஞானி என்பவர் எப்போதும் வேறு ஊரில் வாழ்பவர், கண்டுபிடிப்பு என்பது வேறு ஊரில் நிகழ்வது என்ற எண்ணம் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்துப் பதிந்துவிடக்கூடும். இழப்பு அங்கேதான்.

தமிழில் மூலத்தொடர் அரிதாக இருப்பதற்கு வணிகக் காரணம் வெளிப்படையானது. இந்தியில் செய்த பருவத்தைப் பல மொழிகளில் ஒலிக்கச் செய்து செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். தமிழில் மட்டும் வெளியிட்டால் அந்தப் பகிர்வு இல்லை. எனினும் மொழிமாற்றம் ஒருவழிப் பாதையன்று. தமிழில் எழுதித் தமிழில் குரல் பதிந்த தொடரை இந்திக்கும் தெலுங்குக்கும் கொண்டு செல்லத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை.

திறமையும் இங்கே புதிதன்று. சென்னையின் பென்டாமீடியா கிராஃபிக்ஸ் 2000ஆம் ஆண்டிலேயே ‘பாண்டவாஸ்’ என்னும் கணினி இயங்குபடத்தை உருவாக்கியது. 2014இல் ‘கோச்சடையான்’ நடிகர்களின் அசைவைப் பதிவு செய்யும் முறையில் வந்தது. இவற்றின் கதைகள் புராணத்தையோ அரச வரலாற்றுப் பாணியையோ சார்ந்தவை. அறிவியல் புனைவுக்குத் தமிழ் வாசகரிடம் வரவேற்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர் தொலைக்காட்சித் தொடராகவும் ஆயிற்று. அதில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாய் தமிழர் மறவாத பாத்திரம். பெ. நா. அப்புசாமி போன்றோர் அறிவியலை எளிய தமிழில் எழுதிய மரபும் நமக்கு உண்டு. இம்மரபும் சென்னையின் கணினித் திறமும் சிறுவர் தொடர் ஒன்றில் இன்னும் போதிய அளவு சந்திக்கவில்லை.

செஞ்சி: களமாக ஒரு கோட்டை

ஒரே இடத்தைப் பலமுறை பயன்படுத்த வேண்டும் என்னும் கட்டுப்பாட்டுக்கு விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை பொருத்தமான களம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள், அவற்றை இணைக்கும் மதில், கல்யாண மகால், களஞ்சியம், குளங்கள், கோட்டையை அடுத்து ஒரு சிறு நகரம். 2025இல் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. இக்களத்தை ஒருமுறை மாடலாக்கினால் பகல், இரவு, மழை என ஒளியை மாற்றி 26 அத்தியாயங்களுக்கும் பயன்படுத்தலாம்.

செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜனும் அவன் குதிரையும் எவர் நினைவுக்கும் வருவது இயல்பு. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து இறந்த அவ்வீரன் கதைப்பாடலாகவும் திரைப்படமாகவும் வாழ்கிறான். ஆனால் அறிவியல் புனைவுக்கு வேண்டியவை அக்கோட்டையின் கற்களிலேயே கேள்விகளாகக் கிடக்கின்றன.

கோட்டைக்கு அப்பாலுள்ள நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய் வழியாகக் கல்யாண மகாலின் மாடிக்கு நீர் சென்றதாகச் சொல்வர். மோட்டார் இல்லாமல் நீர் எப்படி மேலே ஏறும்? கொத்தனார்கள் மட்டம் பார்க்க நீர் நிரப்பிய, ஒளி ஊடுருவும் குழாயைப் பயன்படுத்துவதை ஊர்க் குழந்தைகள் பார்த்திருப்பர். நீரின் மூலம் எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அதற்கு மேல் குழாயில் நீர் ஏறாது. இந்த ஒரு விதியே ஓர் அத்தியாயம். மகாலின் எந்த மாடி வரை நீர் ஏறும் என்று சிறுவர் பந்தயம் கட்டலாம், தோற்கலாம், மீண்டும் அளக்கலாம்.

இத்தொடரில் ஓர் இயந்திரச் சிறுமி இருப்பதாகக் கொள்வோம். அவளுக்கு வெயிலே உணவு என்று விதி வகுத்தால், பாறைக்குன்றின் மேல் அவள் பெருவலிமை உடையவள். இருண்ட களஞ்சியத்துக்குள் நுழைந்தால் சிறிது நேரத்தில் நின்றுவிடுவாள். ஐப்பசி மழையில் நண்பர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். எல்லை இருப்பதால் நட்புக்கும் வேலை உண்டாகிறது.

மூன்று குன்றுகள் ஒரு முக்கோணம். ஒரு பக்கத்தையும் இரு கோணங்களையும் அளந்தால் மற்றப் பக்கங்களை நடக்காமலே அறியலாம். 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் தொடங்கிய மாபெரும் நில அளவை இம்முறையில்தான் நாடு முழுதும் விரிந்தது. காலப்பயணக் கதை வேண்டுமாயின், இதே மாவட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டு பழமையான கல்மரங்கள் கிடக்கின்றன. அம்மரங்கள் உயிருடன் நின்ற காட்டுக்குக் குழந்தைகளை ஓர் அத்தியாயம் அழைத்துச் செல்லலாம்.

இப்படிச் செய்தால் தொடர் பாடநூலாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. பெரியவர் ஒருவர் நின்று விளக்கம் சொல்லும் தொடரைக் குழந்தை பார்க்காது, மாற்றிவிடும். விளக்கம் உரையாடலில் வரக் கூடாது, நிகழ்ச்சியில் வர வேண்டும். நீர் ஏறவில்லை என்பதைக் காட்சியாகக் காட்டினால் போதும், ஏன் என்பதைக் குழந்தை தானே கேட்கும்.

மதிப்பிடும் அளவுகோல்கள்

சிறுவர் அறிவியல் புனைவுத் தொடரின் ஒரு பருவத்தை மதிப்பிடும் மாணவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இயந்திரத்தை எடுத்துவிட்டு மந்திரத்தை வைத்தாலும் கதை நிற்குமா? பாத்திரத்தின் ஆற்றலுக்கு எல்லை உண்டா, அவ்வெல்லை எல்லா அத்தியாயங்களிலும் காக்கப்படுகிறதா? மீண்டும் மீண்டும் வரும் இடம் ஒவ்வொரு முறையும் ஏதேனும் புதிதாகத் தருகிறதா? சிக்கலைத் தீர்ப்பது வலிமையா, யோசனையா?

‘அஸ்ட்ரோ பாய்’ முதல் இரண்டிலும், ‘டோரேமான்’ முதல் மூன்றிலும் தேறுகின்றன. ‘டோரேமா’னில் நான்காவது பலமுறை தோல்வியாகவே முடியும். யோசிக்காமல் கருவியை நம்பிய நோபிதா தோற்பதே அங்குக் கதை. ‘வீர்’ இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் தேறி, விதியை வகுப்பதில் பின்தங்குகிறது.

தமிழில் இத்தகைய பருவம் ஒன்று உருவாக வேண்டுமாயின் முதற்பணி ஸ்டுடியோவில் இல்லை. உள்ளூர் இடம் ஒன்றை நடந்து பார்த்து, அங்குள்ள கேள்விகளைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி எழுதுவதில் அது தொடங்குகிறது. அவ்வேலையைச் சிறுகதை எழுத்தாளரும் அறிவியல் ஆசிரியரும் ஆர்வமுள்ள மாணவரும் இன்றே செய்யலாம். 26 கேள்விகள் சேர்ந்தால் ஒரு பருவத்தின் அடிப்படை ஆவணம் தயார். செஞ்சியில் பள்ளிவிட்டு வரும் குழந்தை, தான் நாள்தோறும் பார்க்கும் குன்றின் மேல் ஓர் இயந்திரச் சிறுமி வெயில் காய்வதைத் திரையில் கண்டால், அடுத்த நாள் அக்குன்றை வேறு கண்ணோடு பார்க்கும்.